பீரோவுக்குள் தூங்காத டேப்

போன சித்திரையில் மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பீரோவை ஒழித்துக்கொண்டிருந்த அக்கா, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து நீட்டினாள். 2020-ல் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. "நாலு வருஷமா இங்கதான் கிடக்கு. சார்ஜ் போட்டுப் பாரு. ஓடுனா அப்பாவுக்குக் குடுத்துரலாம், யூடியூப்ல பாட்டு கேப்பாரு" என்றாள்.

கையில் வாங்கிப் பார்த்தேன். திரையின் ஓரம் ஒரு பக்கம் சட்டத்தை விட்டு எழும்பியிருந்தது. இடுக்கில் நகம் போகும். முதுகுப்பக்கம் பூரிபோல மேடுதட்டியிருந்தது. "கவர் டைட்டா இருந்துச்சுல்ல, அதான் வளைஞ்சிருக்கும். அழுத்துனா உக்காந்துரும்" என்று அக்கா கட்டைவிரலைக் கொண்டுவந்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்ட வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயம் வந்துவிட்டது.

டவுன்ஹால் ரோட்டில் பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். "பேட்டரி உப்பிருச்சுங்க சார். கொரோனா டைம்ல வாங்கி மூலையில போட்டதெல்லாம் இப்ப இப்படித்தான் வருது. நல்லவேளை, சார்ஜ் போடாம கொண்டுவந்தீங்க" என்றபடி அதை எடுத்துப்போய் வாசலோரம் இருந்த மணல் வாளிக்குள் வைத்தார்.

சுவிட்சை அணைத்துவிட்டால் மிக்சி சும்மா இருக்கும், கிரைண்டர் சும்மா இருக்கும். பேட்டரி அப்படிச் சும்மா இருக்கிற பொருள் இல்லை. டேப்லெட்டை அணைத்துத் துணிக்கு நடுவில் வைத்தாலும் அதன் உள்ளே வேதிவினை மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். டேப்லெட்டைப் பத்திரமாகக் கையாள்வது என்றால் திரை உடையாமல், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் நாம் பத்திரமாகக் கையாள வேண்டியது, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் வெள்ளிநிறப் பொட்டலத்தை.

அந்தப் பொட்டலத்தின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். உள்ளே ஒரு செம்புத் தகடு, ஒரு அலுமினியத் தகடு. இரண்டும் தலைமுடியைவிட மெல்லியவை. செம்பின்மேல் கிராஃபைட் பூச்சு, அலுமினியத்தின்மேல் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு பூச்சு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி, பாயை அமுக்குவதுபோல் தட்டையாக்கி, எளிதில் தீப்பற்றும் ஒரு கரைப்பானில் ஊறவைத்து, அலுமினியத் தாள் உறையில் ஒட்டிவிடுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் படலத்தின் நுண்துளைகள் வழியே கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும். நாம் படம் பார்க்கும்போது திரும்பி வரும். நேர்முனையும் எதிர்முனையும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளாமல் காப்பது அந்தப் படலம் ஒன்றுதான். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு.

இதற்குள் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது? 10 அங்குல டேப்லெட் ஒன்றின் பேட்டரி ஏறக்குறைய 28 வாட்-மணி கொள்ளும். அதாவது 1 லட்சம் ஜூல். குழாயில் பிடித்த 300 மில்லி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். இரண்டு பேருக்கு டீ போடுகிற வெப்பம். பல மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாகச் செலவாக வேண்டிய அந்த வெப்பம் ஒரே நிமிடத்தில் வெளிவந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. கரைப்பான் தானே எரிந்து கூட்டும் வெப்பம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

லித்தியத்தை அடக்கிக் கையில் கொடுத்த வரலாறே தீயோடு போராடிய வரலாறுதான். 1970-களில் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் உலோக லித்தியத்தை வைத்து பேட்டரி செய்தபோது, ஆய்வகத்தில் அடிக்கடி தீப்பிடித்தது. இனிமேல் தீயை அணைக்கும் சிறப்பு ரசாயனங்களுக்கு ஆய்வகமே காசு கட்ட வேண்டியிருக்கும் என்று தீயணைப்புத் துறை எச்சரிக்கும் அளவுக்குப் போனது. 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்து மின்னழுத்தத்தைக் கூட்டினார். ஜப்பானில் அகிரா யோஷினோ 1985-ல் உலோக லித்தியத்தையே எடுத்துவிட்டு, பெட்ரோலியக் கரியின் அடுக்குகளுக்குள் லித்தியம் அயனிகளை ஒளித்துவைத்தார். பிறகு அவர் செய்த சோதனை மிக எளிமையானது. பேட்டரிமேல் ஒரு பெரிய இரும்புத் துண்டைப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. உலோக லித்தியம் உள்ள பேட்டரிமேல் அதேபோல் போட்டபோது பயங்கரமாக வெடித்தது. அவருடைய வழியில் வந்த பேட்டரியைத்தான் 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு 97 வயது. நம் வீட்டு டேப்லெட் தீப்பிடிக்காமல் இருப்பதற்குப் பின்னால் இத்தனை பேருடைய பொறுமை இருக்கிறது. நாம் அதைக் கட்டைவிரலால் அழுத்திக் கெடுத்துவிடக் கூடாது.

சரி, பீரோவில் சும்மா கிடந்தது ஏன் உப்பியது?

தொழிற்சாலையில் முதல்முறை சார்ஜ் ஏற்றும்போது, கிராஃபைட்டின் மேல் கரைப்பான் கொஞ்சம் சிதைந்து ஒரு மெல்லிய தோல் படிகிறது. ஆறும் பாலின்மேல் ஏடு படிவதுபோல. இந்த ஏடுதான் மேற்கொண்டு கரைப்பான் சிதையாமல் காக்கிறது. சூடு ஏறினால் ஏடு விரிசல்விடும். விரிசல் விட்ட இடத்தில் புதிய ஏடு படியும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைப்பான் தீர்ந்து, கார்பன் டை ஆக்சைடு, எத்திலீன், மீத்தேன் போன்ற வாயுக்கள் உருவாகும். இரும்புக் குப்பியில் அடைத்த பேட்டரிகளில் வாயு வெளியேற வழி வைத்திருப்பார்கள். டேப்லெட்டின் தாள் உறையில் அந்த வழி கிடையாது. வாயு போக இடமில்லாமல் உறை உப்புகிறது, கண்ணாடியை நெம்புகிறது.

முழு சார்ஜும் வெயிலும் சேர்ந்தால் இந்தச் சிதைவு வேகமாகும். ஐபேடின் வழிகாட்டிக் குறிப்பு 35 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் நம் ஊர் ஓட்டு வீடும் தகர வீடும் அதைத் தாண்டிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரிகூட ஆகலாம். டேப்லெட்டுக்கு மின்விசிறி கிடையாது, சூட்டை முதுகு வழியாகத்தான் வெளியே தள்ள வேண்டும். அந்த முதுகை மெத்தைமேலோ தலையணைமேலோ வைத்து, சார்ஜிலும் போட்டு, குழந்தை போர்வைக்குள் கார்ட்டூன் பார்க்கிறது. கேட்டால் தலைமாட்டில் வைத்தால்தான் தூங்குகிறான் என்கிறார்கள். சார்ஜ் ஏறும் நேரம் டேப்லெட் வெறும் தரையில் கிடக்கட்டும். சிமென்ட் தரையும் டைல்ஸும் சூட்டை நன்றாக வாங்கிக்கொள்ளும். இரவெல்லாம் சார்ஜில் இருந்தாலும் நிறைந்ததும் உள்ளிருக்கும் மின்சுற்று நிறுத்திவிடும் என்பது உண்மைதான். ஆனால் புழுக்கமான அறையில் நிறைந்த நிலையிலேயே விடியவிடியக் கிடப்பது பேட்டரியின் ஆயுளைத் தின்கிறது. 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இப்போது பல டேப்லெட்டுகளின் அமைப்புகளிலேயே இருக்கிறது. எப்போதும் சுவரில் செருகியே வைத்திருக்கும் வீடுகளும் கடைகளும் கட்டாயம் அதை இயக்கிவைக்க வேண்டும்.

சார்ஜே இல்லாமல் போட்டுவைத்தால் வேறொரு கேடு. அணைத்து வைத்தாலும் மிச்சமிருக்கும் சார்ஜ் துளித்துளியாகக் குறையும். மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் எதிர்முனையின் செம்புத் தகடே கரைய ஆரம்பிக்கும். வருடங்கள் கழித்து நாம் ஆசையாகச் சார்ஜ் போடும்போது, கரைந்த செம்பு போய்ப் படியக் கூடாத இடங்களில் படிகிறது. அது படலத்தைத் தாண்டி எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். அக்கா சொன்னபடி நான் அன்றைக்குச் சார்ஜ் போட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியது இது. எடுத்துவைக்கிற டேப்லெட்டை ஏறக்குறைய பாதி சார்ஜில் அணைத்து, குளிர்ந்த இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதிக்கு ஏற்றிவைத்தால் போதும். பல வருடம் கிடந்ததை எடுத்தால், முதலில் அதன் உடம்பைப் பாருங்கள். மட்டமான கல்மேல் மல்லாக்க வைத்துத் தொட்டால் ஆடக் கூடாது. கொஞ்சம் சுற்றிவிட்டால் பம்பரம்போலச் சுற்றக் கூடாது.

அடியும் அழுத்தமும் இன்னொரு விஷயம். 2025 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஜெர்மனிக்கு 461 பயணிகளோடு பறந்த லுஃப்தான்ஸாவின் ஏ380 விமானம், வழியில் பாஸ்டனில் தரையிறங்கியது. ஒரு பயணியின் டேப்லெட் சாய்வு இருக்கைக்குள் சிக்கி, இருக்கை அசைந்ததில் நசுங்கத் தொடங்கியிருந்தது. தீ இல்லை, புகை இல்லை. வளைந்தது தெரிந்ததுமே அவ்வளவு பெரிய விமானத்தைத் திருப்பினார்கள். அது அளவுக்கு மீறிய பயம் என்று நான் நினைக்கவில்லை. விமான இருக்கையின் இடுக்கில் ஏதாவது விழுந்தால் இருக்கையை அசைக்காமல் பணியாளரைக் கூப்பிடச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் நம் வீட்டில் கட்டிலில் கிடக்கும் டேப்லெட்மேல் உட்கார்ந்து எழுந்துவிட்டு, திரை ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். புத்தகப் பையில் டிபன் பாக்ஸுக்கும் பாடப்புத்தகத்துக்கும் நடுவில் வளைந்து கிடந்ததை யாரும் கவனிப்பதில்லை.

படலம் கிழிந்தால் நடப்பது சங்கிலிபோல் நடக்கும். ஷார்ட் ஆன இடத்தில் சூடு ஏறும். 100 டிகிரியை ஒட்டி அந்த ஏடு சிதைந்து மேலும் சூட்டைக் கொடுக்கும். 130 டிகிரி அளவில் படலம் உருகும். 200-ஐ நெருங்கும்போது கோபால்ட் ஆக்சைடு தன்னிடமுள்ள ஆக்சிஜனையே விட்டுவிடும். எரிபொருள், சூடு, ஆக்சிஜன் மூன்றும் பொட்டலத்துக்குள்ளேயே கிடைத்துவிடுவதால், கம்பளியால் மூடினால் தீ அணையாது, சூடுதான் உள்ளே தேங்கும். குளிரவைப்பதுதான் வழி. லித்தியம் என்றாலே தண்ணீர் ஆகாது என்று பள்ளியில் படித்த நினைவில் பலர் தயங்குகிறார்கள். அது உலோக லித்தியத்துக்கு. இந்த பேட்டரியில் லித்தியம் அயனியாக இருப்பதால், தாராளமாகத் தண்ணீர் ஊற்றலாம். 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த விமானத்தில் மேலடுக்குப் பையிலிருந்த கைப்பேசி புகைந்தபோது, பணியாளர்கள் தீயணைப்பானை அடித்து, பிறகு தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் அதைப் போட்டுக் கழிவறையில் வைத்துவிட்டார்கள். வீட்டில் என்றால் முதலில் மெயினை அணையுங்கள். சீறிப் புகையும் டேப்லெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நஞ்சு இருக்கிறது. குழந்தைகளை வெளியேற்றிவிட்டு, தள்ளி நின்றபடி தண்ணீர் ஊற்ற முடிந்தால் ஊற்றுங்கள், முடியாவிட்டால் 101-ஐக் கூப்பிடுங்கள்.

சார்ஜரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலோக முதுகுள்ள டேப்லெட்டைச் சார்ஜில் வைத்துத் தடவினால் விரலில் சுரசுரவென்று ஏதோ ஓடுவதுபோல் இருக்கும். இரண்டு முள் சார்ஜரில் மின் இரைச்சலைக் குறைக்க வைத்திருக்கும் ஒரு சிறு கெபாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. தரமான சார்ஜரில் அது ஆளைத் தாக்கும் அளவுக்கு வராது. சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கும் போலியில், 230 வோல்ட் பக்கத்தையும் நாம் தொடும் பக்கத்தையும் பிரிக்கும் இடைவெளியிலேயே கைவைத்திருப்பார்கள். அது விட்டுப்போனால் சுரசுரப்போடு நிற்காது. சார்ஜருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு கட்டாயம். ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண் அதன்மேல் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் தயாரித்தவர் பெயர் வரும். வாங்கும்போது கடையிலேயே நின்று பாருங்கள்.

உப்பிய டேப்லெட்டைப் படத்தையும் வீடியோவையும் எடுத்துக்கொள்வதற்காக ஒரே ஒருமுறை சார்ஜ் போடலாமா என்று கேட்பார்கள். அக்காவும் கேட்டாள். உள்ளே மகள் இரண்டாம் வகுப்பில் பாடி அனுப்பிய பாட்டுகள் இருந்தன. போடக் கூடாது. கடைக்காரர் திரையைக் கழற்றி, ஒட்டியிருந்த பசையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு ஊறவைத்து, உலோகக் கருவி எதையும் தொடாமல் பிளாஸ்டிக் அட்டையால் பேட்டரியை நெம்பி எடுத்தார். ஒரு இடத்தில் மாட்டியபோது இழுக்காமல் மறுபடி ஆல்கஹால் விட்டுக் காத்திருந்தார். முக்கால் மணி நேரம் ஆனது. புது பேட்டரி போட்டதும் பாட்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன. பழையதைக் குப்பைத்தொட்டியில் போடாமல், காயலான் கடைக்கும் கொடுக்காமல், மின்கழிவு எடுப்பவருக்காகத் தனியாக வைத்தார். குப்பை வண்டியின் அமுக்கியில் நசுங்கினால் அங்கே எரியும், உடைத்துச் செம்பு எடுப்பவர் கையில் என்றால் அந்தக் கையில் எரியும். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. சர்வீஸ் சென்டரில் கேட்க நமக்கு உரிமை உண்டு.

மூன்று வாரம் கழித்து அக்கா ஃபோன் செய்தாள். வீட்டிலிருந்த எல்லாவற்றையும் அடுப்பு மேடை கிரானைட்டில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாளாம். "டேப் ஆடல. பவர் பேங்க்கும் ஆடல. மாமாவோட பழைய ஃபோன் ஒண்ணு இருந்துச்சுல்ல, அது சுத்திவிட்டா நிக்காம சுத்துதுடா."

"எங்க வச்சிருக்க அதை?"

"பின்கட்டுல, நிழல்ல. காலி மண் தொட்டி இருந்துச்சு, அதுக்குள்ள."