தூத்துக்குடியில் ஒரு பகற்பொழுது

சுப்ஹு தொழுத கையோடு, தங்கை வீட்டிற்கென அரைக் கிலோ பால்கோவா வாங்கிவைத்திருந்த பையுடன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்தேறினேன். கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடி. எங்கள் அத்தாவின் பாட்டனார் கொழும்புக்குக் கப்பலேறியது அந்தத் துறையில்தான். போனவர் திரும்பவில்லை. அவர் நின்ற கரையை ஒருமுறையேனும் காண வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை.

பால்கோவாவைத் தங்கையிடம் சேர்த்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் நடந்தேன். பழைய துறைமுகத்தில் ஆழம் குறைவு. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, படகுகளே ஆட்களையும் சரக்கையும் கொண்டு சேர்த்தன. 1914இல் தனுஷ்கோடி வழி திறந்ததும் இலங்கைப் பயணிகள் அப்பக்கம் திரும்பினர். 2011இல் மீண்டும் கொழும்புக்குக் கப்பல் விட்டனர். சில மாதங்களிலேயே நின்றுபோயிற்று. மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணிகள் உண்டு. பாட்டனாரைப் பற்றி எவரிடம் போய் விசாரிப்பது? துஆச் செய்தேன், அவ்வளவே.

வெயிலுக்கு ஒரு நன்னாரி சர்பத். பிறகு பேக்கரி. மக்ரூனில் என்னென்ன சேர்கிறது என்று கேட்டறிவது நம் வழக்கமல்லவா? முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு என்றார் கடைக்காரர். வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, முந்திரித் தூள் கலந்து, கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் வைக்கிறார்கள். ஐரோப்பாவில் இதற்கு வாதுமை, இங்கே முந்திரி. அந்த முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொணர்ந்ததே! பாலைக் கிண்டிக் கிண்டி இறுக்கும் ஊர்க்காரனுக்கு இது வியப்புத்தான்.

இரவு வீடு திரும்பியதும் அம்மா ஒன்றை வாயிலிட்டார்கள். உடனே கரைந்துவிட்டது. "கரையைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார்கள்.