குறட்டை நின்றால் எழுந்து பாருங்கள்

கழுத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கும் மகன் இரவில் குறட்டை விட்டால், "நல்லாத் தூங்குறான், எழுப்பாதீங்க" என்றுதான் வீட்டார் சொல்வார்கள். பகலெல்லாம் வலியோடும் மனவேதனையோடும் கிடக்கும் பிள்ளைக்கு இரவாவது நிம்மதி தரட்டும் என்ற பாசம் அது. ஆனால் குறட்டை எப்போதும் நல்ல தூக்கத்தின் அடையாளமல்ல. அது நடுவில் சட்டென்று நின்று, பத்து இருபது விநாடி சத்தமே இல்லாமல் போய், பிறகு திணறலோடு மறுபடி தொடங்குகிறதா? அப்படியானால் அந்தப் பிள்ளை ஓய்வெடுக்கவில்லை. மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருக்கிறது.

நமது மலைப்பகுதியில் முள்ளந்தண்டு முறிவு புதிய செய்தியல்ல. மிளகு பறிக்க ஏறியவர், பலா மரத்திலிருந்து விழுந்தவர், சவுக்கு மரத்தில் கிளை வெட்டியவர், லொறி புரண்டு அடிபட்டவர் என்று எத்தனையோ பேர். இலங்கையில் இத்தகைய காயங்களுக்கு உயரத்திலிருந்து விழுவது ஒரு முக்கிய காரணம். இவர்களில் பலர் இளைஞர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைத் தாக்கியபோதும், இடம்பெயர்ந்தவர்களுக்கு ஓடித் தப்புவதே பெரும்பாடாயிற்று. நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பத்தின் பாட்டைச் சொல்லவும் வேண்டுமா? கிளினிக் புத்தகமும் மருந்துச் சீட்டும் போன பிறகு, இரவு மூச்சைப் பற்றி யார் நினைப்பார்கள்?

ஏன் மூச்சு தடைப்படுகிறது?

மூச்சை உள்ளே இழுக்கும் முக்கிய தசை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் பிரிமென்தகடு. அதற்குரிய நரம்பு கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் மட்டங்களிலிருந்து வருகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் வயிற்றுத் தசைகளும் அதற்குத் துணை நிற்கும். கழுத்தில் முண்ணாண் பாதிக்கப்பட்டால் இந்தத் துணைத் தசைகள் செயலிழக்கின்றன. நான்கு பேர் சுமந்த பாரத்தை ஒருவர் சுமப்பது போல, பிரிமென்தகடு தனியே உழைக்கிறது. தூக்கத்தில் அதுவும் தளர்ந்து வேலை செய்வதால் மூச்சு ஆழமற்றுப் போகிறது.

இன்னொரு தடை தொண்டையில். தூங்கும்போது நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கும். மல்லாந்து படுத்தால் இது கூடும். உடல் எடை ஏறுவதும், மூக்கடைப்பும், சிறு பிள்ளைகளில் வீங்கிய தொண்டைச் சதையும் நிலைமையைக் கெடுக்கும். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் தூக்க மாத்திரையும் சாராயமும் அப்படியே. கழுத்து மட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் அளவில் இந்தத் தொல்லை இருப்பதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. இது அபூர்வ நோயல்ல.

பகலில் தெரியும் அடையாளங்கள்

காலையில் தலைவலி, வாய் வறட்சி, பகலில் தூங்கி விழுதல், எரிந்து விழுதல், ஞாபகக் குறைவு, படிப்பில் கவனமின்மை. இவற்றைக் கண்டு "சோம்பேறியாகிவிட்டான்", "மனசு விட்டுப் போச்சு" என்கிறோம். மனச்சோர்வு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இரவில் நூறு தடவை மூச்சுக்காக விழித்த பிள்ளைக்குப் பகலில் தெம்பு எங்கிருந்து வரும்?

மருத்துவம் உண்டு

முதலில் பரிசோதனை. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய சிறு கருவி நினைவிருக்கிறதல்லவா? அதே வகைக் கருவியை இரவு முழுவதும் மாட்டி, இரத்தத்தில் ஒட்சிசன் எப்படிக் குறைகிறது என்று பதிவு செய்யலாம். தேவையானால் முழுமையான தூக்கப் பரிசோதனைக்கு மருத்துவர் அனுப்புவார்.

சிகிச்சையில் முக்கியமானது, முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி. 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கொலின் சலிவன் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் இம்முறையை உலகுக்கு அறிவித்தார்கள். மூச்சே ஆழமற்றுப் போனவர்களுக்கு, உள்மூச்சுக்குக் கூடிய அழுத்தமும் வெளிமூச்சுக்குக் குறைந்த அழுத்தமும் கொடுக்கும் வேறு வகைக் கருவி தேவைப்படும். எது பொருந்தும் என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். வெறும் ஒட்சிசனை நாமாகக் கொடுப்பது ஆபத்து. காபனீரொட்சைட்டு உடலில் தேங்கக்கூடும்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கைகால் செயலிழந்த 149 பேரிடம் ஆஸ்திரேலிய மருத்துவர்களின் தலைமையில் நடந்த ஓர் ஆய்வில், கருவியைப் பயன்படுத்தியவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு கவனத்திறன் கூடவில்லை. பலரால் முகமூடியை இரவில் சில மணித்தியாலங்களே தாங்க முடிந்தது. ஆகவே பழகுவதற்குப் பொறுமையும் வீட்டாரின் துணையும் வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. மூன்று இரவுகள் கவனியுங்கள். மூச்சு நிற்கும்போது மெல்ல எண்ணுங்கள். பத்துக்கு மேல் போகிறதா, எத்தனை தடவை என்று குறித்து வையுங்கள். கைத்தொலைபேசியில் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள்.

2. மல்லாந்து படுக்க விடாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். படுக்கைப்புண் வராமல் நேரத்துக்கு நேரம் திருப்புவதும் இதோடு சேரும். காயம் புதிதாயின் மருத்துவரைக் கேளாமல் கழுத்தை அசைக்க வேண்டாம்.

3. விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் அந்தக் காம்பராவுக்குள் வராமல் பாருங்கள்.

4. மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்துவதால் பெரும் கேடு வரக்கூடும். தூக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

5. கருவி கிடைத்தால் முகமூடியைத் தினமும் கழுவுங்கள். மின்சாரம் நின்றால் உடனே அதைக் கழற்றுங்கள். கை அசையாத பிள்ளையால் தானே கழற்ற முடியாது. ஆகவே ஒருவர் பக்கத்தில் படுக்க வேண்டும்.

6. உதடு நீலமாவது, எழுப்பியும் எழும்பாமை, சளியோடு காய்ச்சலும் மூச்சுத் திணறலும் என்றால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

யாரிடம் போவது?

தோட்ட டிஸ்பென்சரியிலோ அருகிலுள்ள ஆஸ்பத்திரியிலோ தொடங்கிப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். கண்டிக்கருகே டிகனையிலும், கொழும்புக்கருகே ராகமையிலும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன. அங்கு சிகிச்சை பெற்ற பிள்ளையானால் பழைய அட்டை தொலைந்திருந்தாலும் போகலாம். அனுமதித்த ஆண்டையும் பெயரையும் சொல்லிப் பதிவைத் தேடித் தரும்படி கேளுங்கள். கருவி விலை கூடியது. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மருத்துவரின் கடிதத்தோடு விண்ணப்பியுங்கள். ஒரு வீட்டார் தனியே போவதைவிட நான்கு வீட்டார் சேர்ந்து போனால் பேச்சுக்குப் பலம் உண்டு.

மருத்துவர் நம் பிள்ளையைப் பார்ப்பது பகலில், விழித்திருக்கும்போது. அப்போது மூச்சு சீராகவே இருக்கும். நோய் வெளிப்படுவதோ நடுச்சாமத்தில். ஒரே காம்பராவில் எல்லோரும் நெருங்கிப் படுப்பதை நாம் குறையாகவே எண்ணுகிறோம். ஆனால் அந்த நெருக்கத்தில்தான் தாயின் காதுக்குப் பிள்ளையின் மூச்சு கேட்கிறது. கேட்டதைக் கேட்டபடி கிளினிக்கில் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.