வானுக்கு முன் விளம்பரத்தைப் பத்திரப்படுத்துங்கள்

ஹாரோவில் நண்பர் ஒருவரின் வீட்டு வாசலில் நின்ற வானின் பக்கவாட்டு மடிப்பில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். புதிதாக அடித்திருந்த பச்சை வண்ணம் பப்படம் போல உடைந்து, விரல் உள்ளே இறங்கியது. அங்கே தகடே இல்லை. துருப்பொடியும் அதன்மேல் அப்பிய பட்டியும்தான் இருந்தன.

“அண்ணை, பழசெண்டா கொஞ்சம் துரு இருக்கும்தானே?” என்றார் அவர். வாங்கி 23 நாள் ஆகியிருந்தது. கொடுத்தது 17,500 பவுண்ட், மகளின் படிப்புக்கென்று சேர்த்ததில் பாதி.

அது 1989இல் செய்த வோக்ஸ்வாகன் டி3 சின்க்ரோ. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டெயர்-டைம்லர்-புக் தொழிற்சாலையில் 1980களின் நடுவிலிருந்து 1992 வரை மொத்தம் 43,000 அளவில்தான் கட்டினார்கள். கூரையைத் தூக்கினால் மேலே படுக்கை, உள்ளே அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும். நான்கு சக்கரமும் இழுப்பதால் ஸ்கொட்லாந்துச் சேற்றுப் பாதைக்கும் அஞ்சாது. ஜப்பானிலிருந்து இங்கே வந்திறங்கிய மிட்சுபிஷி டெலிக்காவுக்கும் நம்மவர்களிடம் தனி மயக்கம் உண்டு. இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு டெலிக்கா என்ற பெயரே கோவில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் நெருக்கியடித்துப் போன நினைவு. பிள்ளைகளோடு காடு மலை பார்க்கும் ஆசையில் ஒரு பிழையும் இல்லை. அந்த ஆசை கண்ணை மறைக்கும் நேரத்தில் பணம் கைமாறிவிடுகிறது என்பதுதான் என் கவலை.

சின்க்ரோவின் உயிர் முன் டிஃபரன்ஷியலோடு சேர்ந்திருக்கும் விஸ்கஸ் கப்ளிங்கில் இருக்கிறது. சிலிக்கோன் திரவத்துக்குள் நிற்கும் தகட்டு அடுக்கு அது. பின் சக்கரம் சறுக்கும்போது முன் சக்கரத்துக்கு விசையைக் கொடுக்கும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவில் தேய்ந்த டயர் போட்டு ஓட்டினால் திரவம் ஓயாமல் சூடாகி, கப்ளிங் இறுகிவிடும். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். காய்ந்த தார்த் தரையில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, நடை வேகத்தில் வட்டமடியுங்கள். யாரோ பிரேக்கை அழுத்துவதுபோல வண்டி முரண்டு பிடித்தால் கப்ளிங் போய்விட்டது. நண்பரின் வான் அரை வட்டத்திலேயே நின்றது.

பெட்ரோல், டீசல் எதுவானாலும் சின்க்ரோவின் எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இரண்டுக்கும் நடுவே வண்டியின் அடிவயிறு நீளத்துக்குக் குழாய்கள் ஓடுகின்றன. ஒரு இடத்தில் கசிந்தாலும் எஞ்சின் வெந்துபோகும். ஆகவே வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் ஒரு பென்ஸும் கொடுக்காதீர்கள். ஏற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அங்கேயே விடைபெறுங்கள்.

கட்டணமில்லாமல் கிடைக்கும் இன்னொரு சாட்சி, வருடாந்த வாகனச் சோதனையான எம்.ஓ.டி.யின் வரலாறு. வண்டி எண்ணை அரசின் இணையதளத்தில் இட்டால் 2005க்குப் பிந்தைய சோதனைகளில் எது தோற்றது, எத்தனை மைல் ஓடியிருந்தது என்று தெரியும். 40 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வாகனங்களுக்கு 2018 மே முதல் எம்.ஓ.டி. கட்டாயமில்லை. இதைச் சில விற்பனையாளர்கள் வரம் போலச் சொல்கிறார்கள். வீதியில் ஓட்டத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு அப்போதும் உங்களுடையதே. விரும்பிக் கேட்டால் கராஜில் சோதித்துக் கொடுப்பார்கள். வாங்குமுன் அதைக் கேளுங்கள்.

லண்டனில் இருப்பவர்களுக்குப் புகை அதிகம் விடும் வாகனங்களுக்கான யூலெஸ் கட்டணம் வேறு. 2023 ஓகஸ்ட் 29 முதல் அது நகரின் எல்லாப் பகுதிக்கும் பொருந்தும். யூரோ 6 தரம் எட்டாத டீசலுக்கு, ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். 40 வயது கடந்து, வரலாற்று வாகன வரிப்பிரிவில் பதிவானால் விலக்கு உண்டு. 1989 டீசல் வானுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. வாசலை விட்டு நகர்த்தினாலே கட்டணம் என்பது நண்பருக்கு அன்றுதான் தெரிந்தது.

பணம் கைமாறிய பிறகு சட்டம் முதலில் கேட்பது, விற்றவர் வியாபாரியா, தனியாளா என்பதைத்தான். வியாபாரி என்றால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும். வண்டியின் வயதையும் விலையையும் கணக்கில் எடுப்பார்கள்தான், ஆனால் பட்டி பூசி மறைத்த உடைசலுக்கு வயது சாட்டாகாது. முதல் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகென்றால் திருத்த ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் ஓடிய மைலுக்கு ஒரு தொகையைக் கழிப்பார்கள். “பார்த்தபடியே விற்பனை” என்று ரசீதில் எழுதி வியாபாரி தப்ப முடியாது.

தனியாளிடம் வாங்கினால் பாதுகாப்பு மெல்லியது. வண்டி அவர் சொன்னபடி இருக்க வேண்டும், அவர் பொய் சொல்லியிருக்கக் கூடாது. கேட்காததைச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. அதனால் கேளுங்கள், அதுவும் எழுத்தில்: “நாலு சக்கர இழுவை வேலை செய்கிறதா? அடித்தகட்டில் வெல்டிங் நடந்ததா?” வாட்ஸ்அப்பில் வரும் பதில் பின்னர் உங்கள் சாட்சி. வி5சி எனும் பதிவுப் புத்தகம் (லாக்புக்) உரிமைப் பத்திரம் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். வண்டி திருட்டுப் பொருளானால், ஒன்றும் அறியாமல் வாங்கியவருக்கும் அது சொந்தமாகாது. சேசி எண்ணை வண்டியிலும் புத்தகத்திலும் ஒப்பிட்டு, கடன் பாக்கியும் திருட்டும் காட்டும் வரலாற்று அறிக்கையைக் காசு கொடுத்தாவது எடுங்கள்.

வியாபாரியிடம் வாங்கும்போது முற்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் இருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். வங்கிப் பரிமாற்றத்துக்கு இந்த வசதி இல்லை.

நண்பர் கட்டியது வங்கிப் பரிமாற்றத்தில், விற்றவர் சொன்னது “நான் தனியாள்” என்று. லாக்புக்கில் இருந்த பெயரோ வேறு. அவருடைய தொலைபேசி எண்ணைத் தேடினால், அதே எண்ணில் இன்னும் மூன்று வான்கள் விற்பனைக்கு இருந்தன. வியாபாரி தனியாள் வேடமிடுவது குற்றம். நல்ல காலம், நண்பரின் மனைவி விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருந்தார். அடுத்த நாளே அது தளத்தில் இல்லை.

நான் வானைப் பார்த்த அன்றிரவே நிராகரிப்பு மின்னஞ்சல் போனது, துருவின் படங்களோடும் கராஜ் அறிக்கையோடும். மறுப்பு வந்தது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டோம். அவர்கள் வழியாகவே வியாபாரிகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் தகவல் போகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறு வழக்கு முறைக்கு எல்லை 10,000 பவுண்ட். அதற்கு மேல் போனால் தோற்பவர் எதிராளியின் வழக்கறிஞர் செலவையும் சுமக்க நேரலாம் என்பது நண்பரை உறங்கவிடவில்லை. அதே கணக்கு விற்றவருக்கும் பொருந்தும். 14 நாள் கெடுவோடு வழக்குக்கு முந்தைய கடிதம் எழுதி, அந்த மூன்று விளம்பரங்களின் படங்களையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதினோராம் நாள் பணம் வந்தது. வானை ஏற்றிப் போக லொறியும் வந்தது.