வெள்ளியும் சனியும்
மாலத்தீவில் ஆங்கிலம் கற்பிக்கும் இந்திய ஆசிரியர்களின் வாரயிறுதி

வாரயிறுதி என்றால் நம் நாட்டில் சனியும் ஞாயிறும். மாலத்தீவில் அது வெள்ளியும் சனியும். ஞாயிறு காலையிலேயே பள்ளி மணி ஒலித்துவிடும். ஒரு நாள் முன்பின் ஆவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஆயினும், இங்குப் பணிபுரியும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் ஊருக்குப் பணம் அனுப்புவதையும், உறவுகளோடு பேசுவதையும், ஓய்வு கொள்வதையும் அந்த ஒரு நாள் வேறுபாடே தீர்மானிக்கிறது.

ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளைக் கொண்ட இந்நாட்டில் மக்கள் வாழும் தீவுகள் இருநூறுக்கும் குறைவு. திவேஹி மொழியும் இஸ்லாமும் தவிர்த்த பெரும்பாலான பாடங்கள் ஆங்கில வழியிலேயே கற்பிக்கப்படுகின்றன. பத்தாம் வகுப்பு மாணவர்கள் கேம்பிரிட்ஜ் பன்னாட்டுத் தேர்வுகளை எழுதுகின்றனர். எனவே ஆங்கில ஆசிரியர்களுக்குத் தேவை மிகுதி. கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் பலர் நெடுங்காலமாக இங்கு வந்து பணியாற்றி வருகின்றனர். திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். மாலேயிலிருந்து தொலைதூரத் தீவொன்றுக்குப் படகில் செல்லத்தான் அதனினும் பன்மடங்கு நேரம் பிடிக்கும்.

வெள்ளி: வீட்டுக்குரிய நாள்

வெள்ளிக்கிழமை இந்தியாவில் வேலைநாள். வங்கி, காப்பீட்டு அலுவலகம், கல்லூரி, மருத்துவமனையின் கணக்குப் பிரிவு யாவும் திறந்திருக்கும். எங்களுக்கு விடுமுறையாகவும் ஊருக்கு வேலைநாளாகவும் அமைந்து நாங்கள் உறுதியாக நம்பக்கூடிய நாள் வாரத்தில் இது ஒன்றே. சனிக்கிழமையை அவ்வாறு நம்ப இயலாது. 2015 செப்டம்பர் முதல் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் நம் வங்கிகளுக்கு விடுமுறை.

மாலத்தீவின் கடிகாரம் இந்திய நேரத்துக்கு அரை மணி பின்தங்கியது. இங்கு ஒன்பதரை ஆகும்போது ஊரில் பத்து மணி. நண்பகலில் வெள்ளித் தொழுகைக்காகக் கடைகள் அடைக்கப்பட்டுத் தீவே அமைதியாகிவிடும். அதற்கு முன்னுள்ள இரண்டரை மணி நேரத்தில் வீட்டுக் கடன் தவணை, தம்பியின் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கான முன்பணம் ஆகிய எல்லாவற்றையும் தொலைபேசியிலும் இணைய வங்கியிலுமாகப் பேசி முடித்தாக வேண்டும்.

பணம் அனுப்புவதிலும் திட்டமிடல் தேவை. எங்கள் ஊதியம் பெரும்பாலும் மாலத்தீவு ரூபியாவில் வருகிறது. அதன் அதிகாரபூர்வ மதிப்பு ஒரு டாலருக்கு 15.42 ரூபியா என்ற அளவை ஒட்டி நிற்கிறது. இந்நாணயத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்து மாற்றுவது எளிதன்று. இங்கேயே டாலராக்கி வங்கி வழியே அனுப்ப வேண்டும். டாலர் தட்டுப்பாடு நேரும் காலங்களில் வங்கிகள் அதற்கு வரம்பு விதிப்பதும் உண்டு. ஆதலின் கடைசி நாளில் அனுப்பிக்கொள்ளலாம் என்று இருப்பவரின் தவணை தவறிப்போகும். ஊதியம் வந்தவுடன் முதலில் ஊருக்குரியதை ஒதுக்கிவிடுவதே எங்களிடையே எழுதப்படாத விதி.

சனி: பள்ளிக்குரிய நாள்

சனிக்கிழமை பெயரளவில் விடுமுறை. தேர்வு நெருங்கும் மாதங்களில் காலையில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு இருக்கும். பிறகு கட்டுரைக் குறிப்பேடுகள் காத்திருக்கும். திவேஹி மொழியின் தானா எழுத்து வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அதே கையால் ஆங்கிலத்தை இடமிருந்து வலமாக எழுதும் பிள்ளைகள் இரண்டுக்கும் இடையே தயக்கமின்றிப் பழகிவிடுவது எங்களுக்கு இன்றும் வியப்பே.

உச்சரிப்பில் அவர்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொள்வதும் உண்டு. திவேஹியின் பழஞ்சொற்களில் பகரம் நெடுங்காலத்துக்கு முன்பே ஃபகரமாக மாறிவிட்டது. தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் சொல் 'ஃபென்'. தமிழ் நாவோ ஃபகரத்தைப் பகரமாக்க விழைவது. ஆகவே 'காஃபி' என்பதைக் 'காப்பி' என்று நாங்கள் சொன்னால் வகுப்பில் சிரிப்பு எழும். படகுக்கு அவர்கள் இட்ட பெயர் 'தோனி' என்று அறிந்தபோது மகிழ்ந்தது எங்கள் முறை. நம் தோணியை அங்கு எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிற்பகலில் மாலேயிலிருந்து காய்கறி ஏற்றிய படகு வந்துவிட்டால் துறைமுகத்தில் கூட்டம் கூடும். கயிறு பின்னிய ஜோலி இருக்கைகளில் அமர்ந்திருக்கும் பெற்றோர் மகனின் மதிப்பெண்ணை விசாரிப்பர். சில வேளைகளில் அன்று பிடித்த சூரை மீன் ஒன்றும் கைக்கு வரும். நம் ஊர்க் கடைகளில் மாசிக் கருவாடாக விற்பதும் இத்தீவுகளில் பெயர்பெற்ற இந்த மீன்தான். இரவில் மறுநாள் பாடத்துக்கான குறிப்பை எழுதி முடிக்கும்போது வாரயிறுதி முடிந்திருக்கும்.

ஞாயிறு: நாங்கள் இல்லாத நாள்

ஊரில் திருமணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா ஆகியவை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அமைகின்றன. வீடு நிறைந்திருக்கும் அந்த நேரத்தில் நாங்கள் கரும்பலகை முன் நிற்கிறோம். பேசுவதற்கு வீட்டார் ஓய்வாக இருக்கும் ஞாயிறு எங்களுக்கு வாரத்தின் முதல் வேலைநாள். நாங்கள் ஓய்வாக இருக்கும் வெள்ளியன்று அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பணியில் நாங்கள் கொடுக்கும் விலை இதுவே. கிடைக்கும் வெள்ளிக்கிழமைகளைக் கட்டணமும் கடவுச்சொல்லுமாகவே கழித்துவிட்டால், அம்மாவிடம் கண் எப்படி இருக்கிறது என்று கேட்கவும் நேரம் இராது.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

பெரும்பாலான பணிகளை ஊரிலிருக்கும்போதே ஒழுங்குசெய்துவிடலாம். வேலைக்காக வெளிநாடு செல்பவர் தம் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருத்தல் ஆகாது. வங்கிக்குத் தெரிவித்து அதனை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வீட்டு வாடகை போன்ற இந்திய வருமானம் அதில் சேரும். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி உண்டு. வெளிநாட்டு ஊதியத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு ஏற்றது. வெளிநாடு வாழ் இந்தியர் என்ற நிலை நீடிக்கும் வரை அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அசலையும் வட்டியையும் தடையின்றி வெளிநாட்டுக்குத் திரும்பக் கொண்டுசெல்லலாம்.

கடன் தவணைக்கும் காப்பீட்டுக்கும் நிலையான கட்டண ஆணை கொடுத்துவிட்டால் வெள்ளிக்கிழமையின் பாதி மிஞ்சும். நம்பிக்கைக்குரிய நெருங்கிய உறவினர் ஒருவருக்கு முறைப்படி அதிகாரப் பத்திரம் வழங்கினால் உள்நாட்டுச் செலவுகளை அவர் கவனித்துக்கொள்வார். கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு வருவது அதற்கு ஈடாகாது. அது பாதுகாப்பும் அன்று. ஓ.டி.பி. வரும் கைப்பேசி எண் செயலிழந்து போகாமல் காப்பதும், வாரிசு நியமனத்தைச் சரிபார்ப்பதும் மறக்கலாகாதவை.

பணி ஒப்பந்தம் காலவரையறை உடையது. எப்போது ஊர் திரும்ப நேரும் என்பது நம் கையில் மட்டும் இல்லை. திரும்பி வந்ததும் வங்கிக்குத் தெரிவித்துக் கணக்குகளை மீண்டும் உள்நாட்டுக் கணக்குகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை மாதந்தோறும் சிறிதேனும் வைப்பில் இடுவது, அடுத்த ஒப்பந்தம் கிடைக்காத ஆண்டிலும் குடும்பத்தைத் தாங்கும்.