நிறம் வேறு, கனிவு வேறு



பழவேற்காடு ஏரியை அடுத்த எளாவூர்ப் பகுதியில் நான் தலைமையாசிரியனாய்ப் பணியாற்றிய நாளில், ஓராண்டு கோடை விடுமுறைக்கு முன்தினம், பிள்ளைகளுக்கென்று இரண்டு கூடை மாம்பழம் வாங்கி வந்தேன். தோல் முழுவதும் பொன்போல் மஞ்சள். அறுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிய, புளிப்பான காய்! சில பிள்ளைகள் நாக்கு எரிகிறது என்றனர். மீனவர் குப்பத்துச் சிறுவன் ஒருவன் பாதிப் பழத்தைத் தங்கைக்கென்று எடுத்துச் சென்றான். மறுநாள் அவன் தாயார் வந்து, “சார், மேலே பழமா இருந்துச்சே, உள்ளே ஏன் காயா இருந்துச்சு?” என்று கேட்டார். முப்பதாண்டுக்கு மேல் பாடம் சொன்ன எனக்கு அன்று விடை தெரியவில்லை. பிறகு கற்றுக்கொண்டதையே இன்று உங்களிடம் சொல்கிறேன்.

அது கார்பைடு கல்லின் வேலை. கால்சியம் கார்பைடு ஈரத்துடன் சேரும்போது அசிட்டிலின் என்னும் வாயு வெளிப்படுகிறது. பழம் தானே பழுக்கையில் சுரக்கும் எத்திலீன் வாயுவைப் போல அது நடித்து, தோலை மட்டும் விரைவில் மஞ்சளாக்கிவிடுகிறது. இனிப்பும் மணமும் ஏற அவகாசம் இல்லை. அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நச்சுச் சாயல் கலந்திருப்பதும் உண்டு. ஆகவே 2011 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இம்முறையைத் தடை செய்கின்றன. எத்திலீன் வாயுவை மட்டும், பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவுக்கு மிகாமல், பயன்படுத்த 2016 இல் இசைவு தரப்பட்டது.

இது பறித்த பின் நேரும் கேடு. மரத்திலேயே நேரும் கேடு வேறு. பூச்சி மருந்துகளின் எச்சம் தோலிலும், சில வகை சதைக்குள்ளும் தங்கக்கூடும். செயற்கை உரமும் செயற்கைப் பூச்சி மருந்தும் இன்றித் தொழுவுரம், தழையுரம் கொண்டு விளைவிப்பதே அங்கக வேளாண்மை. நம் மாநில அரசு 2023 இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

அப்பழத்தினால் தேகத்துக்கு நன்மை என்ன? மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 2012 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உயிர்ச்சத்துகளில் பெரிய வேற்றுமை இல்லை என்றனர். மருந்து எச்சம் குறைவு என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டனர். 2014 இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் தலைமையில் 343 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், அங்ககப் பயிர்களில் காட்மியம் குறைவு, உயிரணுக்களைக் காக்கும் சில பொருள்கள் மிகுதி என்று கண்டனர். ஆக, நஞ்சு குறைவு என்பதே உறுதியான நன்மை. நோய் தீர்க்கும் மருந்து என்று எண்ணுவது தவறு.

அங்ககப் பழத்தின் விலையோ அதிகம். கூடையில் மீன் சுமந்து விற்று வாழும் அத்தாயாரிடம் அதைத்தான் வாங்க வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? அதற்கு அவசியமும் இல்லை. கொல்லையில் மருந்து தெளிக்காத கொய்யாவும் பப்பாளியும், ஊர்ப் பனையின் நுங்கும், பருவத்து நாவலும் சான்றிதழ் இல்லாத இயற்கைப் பழங்களே. கடையில் வாங்கியதை ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். எச்சத்துக்கு அஞ்சிப் பழத்தையே விலக்கிவிடாதீர்கள். நாளொன்றுக்குக் காய்கனி 400 கிராமேனும் உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

செவுளைப் பார்த்து மீன் வாங்கத் தெரிந்த நமக்குப் பழம் பார்க்கவும் தெரிய வேண்டும். காம்பருகே மணம் இருக்கிறதா, இலேசாக அமுங்குகிறதா, பருவத்துக்கு முன்பே வந்துவிட்டதா என்று பாருங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

மறு ஆண்டு, முற்றிய மாங்காய்களையே வாங்கிப் பள்ளியின் ஓர் அறையில் வைக்கோலிட்டு மூடிவைத்தோம். நாள்தோறும் பிள்ளைகள் வந்து முகர்ந்து பார்ப்பார்கள். பழுக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. சில பழங்களில் பச்சை முற்றும் மாறவில்லை. உள்ளே தேனாய் இனித்தன. அச்சிறுவன் இம்முறை தங்கைக்கென்று முழுப் பழம் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சென்றான்.