டாம் மாமாக்கள் இருவர்

வீட்டில் ஒரு கதைப் புத்தகம் இருந்தது என்பதற்காக ஒருவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது என்றால் நம்புவது அரிது. ஆயினும் 1857ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அது நடந்தது. தண்டனை பெற்றவர் சாமுவேல் கிரீன் என்னும் கறுப்பினச் சமய போதகர். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். தப்பியோடும் அடிமைகளுக்கு உதவுகிறார் என்ற ஐயத்தின்பேரில் அவர் வீட்டைச் சோதனையிட்டனர். கனடாவின் தேசப்படம் ஒன்று, இரயில் நேர அட்டவணைகள், அந்நாட்டிற்குத் தப்பிச் சென்ற மகன் எழுதிய கடிதம், இவற்றோடு ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையாரின் 'டாம் மாமாவின் குடிசை' என்னும் நாவலும் அகப்பட்டது. மற்றவற்றைக் காட்டி அவரைக் குற்றவாளியாக்க இயலவில்லை, நாவல் போதுமானதாயிற்று. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் அடிமைமுறையை எதிர்க்கும் நூல்களை வைத்திருத்தல் குற்றமென அங்கே சட்டம் இருந்தது. 1862இல், மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு அவரை விடுவித்தனர்.

இத்துணை அஞ்சப்பட்ட நூலின் தலைவன் பெயர் பிற்காலத்தில் வசைச்சொல்லாகிவிட்டது. வெள்ளையர்முன் கூனிக் குழைந்து தன் இனத்தாரைக் கைவிடுபவனை 'அங்கிள் டாம்' என்று ஏசுவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் வழக்கு. (மாமா என்பது நம்மிடையே உறவும் மதிப்பும் கலந்த சொல். அங்கு நிலைமை வேறு. முதிய கறுப்பரை மரியாதைச் சொல்லால் அழைக்க மனமில்லாத வெள்ளையர், அதற்கு ஈடாகக் கையாண்ட சொல்லே 'அங்கிள்'.) நாவலைப் படித்தவர்கள் கண்ட டாம் அத்தகையவன்தானா என்பது ஆராயத்தக்கது.

நூல் பிறந்த கதை சுருக்கமானது. 1850இல் இயற்றப்பட்ட சட்டம், அடிமைமுறை இல்லாத மாநிலங்களிலும், தப்பிவந்த அடிமையைப் பிடித்து எசமானனிடம் ஒப்படைக்க வேண்டுமெனக் கட்டாயப்படுத்தியது. ஸ்டோ அம்மையார் ஒஹையோ ஆற்றங்கரையில் சின்சினாட்டி நகரில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்ந்தவர். இக்கரையில் விடுதலை; அக்கரையில் அடிமைமுறை. 1849இல் வாந்திபேதிக்குத் தம் கைக்குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். பிள்ளையை விலைக்கு விற்கும்போது அடிமைத்தாய் படும் பாடு அப்போதுதான் தமக்கு விளங்கிற்று என்று பின்னர் எழுதினார். 1851 ஜூன் முதல் வாஷிங்டன் வார இதழொன்றில் தொடராக வந்த கதை, 1852 மார்ச்சில் நூலாயிற்று. முதலாண்டிலேயே அமெரிக்காவில் மூன்று இலட்சம் படிகள் விற்றன. பிரிட்டனில் அதனினும் பன்மடங்கு. அடிமைமுறையை ஒழிக்குமாறு அமெரிக்கப் பெண்களை வேண்டி, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பெண்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் 26 தொகுதிகளாக அம்மையாரிடம் அளிக்கப்பட்டது.

தென்மாநில வாசகர்களோ கொதித்தெழுந்தனர். எல்லாம் கட்டுக்கதை என்றனர். அதே 1852இல் மேரி ஈஸ்ட்மன் என்பார் 'ஃபில்லிஸ் அத்தையின் குடிசை' என எதிர்நாவல் ஒன்று எழுதி, அடிமைகள் மகிழ்ச்சியாகவே வாழ்கின்றனர் என்று காட்ட முயன்றார். இவ்வகை நாவல்கள் மேலும் பல வெளிவந்தன. அம்மையார் 1853இல் தம் கதைக்குரிய சான்றுகளைத் தனி நூலாகவே தொகுத்து மறுமொழி கூறினார். நீதிமன்றத் தீர்ப்புகளும் செய்தித்தாள் விளம்பரங்களும் அதில் நிரம்பியுள்ளன. ஓடிப்போன அடிமையைக் கண்டுபிடிக்க எசமானர்களே காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்களில், சவுக்கடித் தழும்பும் சூட்டுக் குறியும் அடையாளங்களாகச் சொல்லப்பட்டிருந்தன. இதைவிட வலிய சாட்சி வேறென்ன வேண்டும்?

டாமின் பெயரைக் கெடுத்தது பெரும்பாலும் நாடகமேடையே எனலாம். நாவலை நாடகமாக்க ஆசிரியரின் இசைவு வேண்டும் என்ற சட்டம் அக்காலத்தில் அங்கே இல்லை. 1852இலேயே நாடகங்கள் தோன்றிவிட்டன. நாவலைத் தொட்டுப் பாராத எண்ணற்றோர், ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுக்களின் வாயிலாகவே கதையை அறிந்தனர். வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கோமாளிக் கூத்து ஆடினர். டாம், நரைத்த தலையும் வளைந்த முதுகுமாய் எசமானனைப் புகழும் கிழவன் ஆனான்.

நூலில் உள்ள டாம் அகன்ற மார்பும் உடல்வலிவும் உடையவன். மடியில் தவழும் குழந்தைக்குத் தகப்பன். பருத்தித் தோட்டத்தில் நோயுற்ற பெண்ணொருத்தியின் கூடையில் தான் பறித்த பஞ்சைப் போட்டு உதவுகிறான். அவளையே சவுக்கால் அடிக்குமாறு தோட்டக்காரன் லெக்ரி ஆணையிட, முடியாது என்று மறுத்து, அவ்வடியைத் தான் ஏற்கிறான். பின்னர் இரு பெண்கள் தப்பி ஒளிகின்றனர். அவர்கள் இருக்குமிடம் அவனுக்குத் தெரியும். தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்கிறான்; அடிபட்டே உயிர்விடுகிறான். காட்டிக்கொடுப்பவனுக்கு இவன் பெயரை இட்டது எத்துணைப் பெரிய தலைகீழ் மாற்றம்!

எனினும் கறுப்பின வாசகர்களின் குறையெல்லாம் நாடகத்தால் விளைந்த மயக்கமே என்று தள்ளிவிடுதல் தவறு. நூலையே படித்துக் குறைகண்டவர் பலர். 1853இல் ஃபிரடரிக் டக்ளஸ் நடத்திய பத்திரிகையில், மார்ட்டின் டிலேனி அவரோடு இது குறித்து வாதிட்டார். டக்ளஸ் தாமே அடிமைத்தளையிலிருந்து தப்பியவர். நம் விடுதலைக்கு உதவும் நூலை எவர் எழுதினால் என்ன என்பது அவர் நிலை. டிலேனியோ, நம்மைப்பற்றி வெள்ளையர் அறிவது சிறிது; நம் வழியை நாமே வகுக்க வேண்டும் என்றார். நாவலின் முடிவில், கல்வி கற்று விடுதலையும் பெற்ற ஜார்ஜ் ஹாரிஸ், ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குக் குடியேறச் செல்கிறான். பிறந்த மண்ணில் இவர்களுக்கு இடமில்லை என்பதுதானே இதன் பொருள் என்று பலர் வருந்தினர். இது நாடகக்காரர் செய்த பிழை அன்று, அம்மையார் எழுதியது. டிலேனி பின்னர் 'பிளேக்' என்னும் நாவலைத் தாமே எழுதினார். அதன் தலைவன் ஊர் ஊராகச் சென்று அடிமைகளைக் கிளர்ச்சிக்கு ஆயத்தம் செய்பவன்.

சிறுவயதில் ஸ்டோவின் நாவலைத் திரும்பத் திரும்பப் படித்த ஜேம்ஸ் பால்டுவின், 1949இல் எழுதிய கட்டுரையில் கடுமையாகச் சாடினார். துணிந்து தப்புவோராகிய ஜார்ஜும் எலைசாவும் வெளிர்நிறத்தவர். கருநிறத்தவனான டாமுக்கு வாய்த்தது பொறுமையும் சாவுமே என்பது அவர் எடுத்துக்காட்டிய குறை. நூலை ஊன்றிப் படிப்போர் இதனை மறுப்பது எளிதன்று. லெக்ரியைக் கோடரியால் கொல்லலாம் என்று காசி என்பவள் அழைக்கும்போது டாம் தடுத்துவிடுகிறான். அதனை வலிமை என்பாரும் உளர். அடிமைமுறையை வெள்ளையர் மனம் நோகாதபடி சொல்லும் உத்தி என்பாரும் உளர். இவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

டாமின் படைப்புக்குத் துணைநின்ற வாழ்க்கைகளுள் ஜோசையா ஹென்சன் என்பாருடையதும் ஒன்று. அவர் 1830இல் மனைவி மக்களோடு கனடாவுக்குத் தப்பி, டிரெஸ்டன் என்னும் ஊரருகே தம்மைப் போன்றோர்க்குக் குடியிருப்பும் பள்ளியும் அமைத்தவர். அங்கே அவர் வாழ்ந்த வீடு, டாம் மாமாவின் குடிசை என்ற பெயராலேயே நெடுங்காலம் காட்சியகமாக விளங்கியது. 2022இல் அப்பெயரை நீக்கி, ஹென்சன் பெயரையே அதற்குச் சூட்டினர்.