காற்றால் குளிரும் யந்திரமும் கைப்பராமரிப்பும்

மோட்டார் யந்திரங்களுள் நீரால் குளிர்வன, காற்றால் குளிர்வன என இருவகை உண்டு. இன்று நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் மோட்டார்கார்கள் ஏறக்குறைய யாவும் முதல்வகையைச் சேர்ந்தனவே. இரண்டாம் வகையில் உலகப் புகழ் பெற்றது ஜெர்மனி தேசத்து வோக்ஸ்வாகன் பீட்டில் என்னும் காராகும். 1938ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற தொழிற்சாலையில் தொடங்கிய அதன் வரலாறு, 2003ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி மெக்சிகோ தேசத்துப் புவெப்லா நகரில் கடைசிக் கார் வெளிவந்ததோடு முடிவுற்றது. அதற்குள் 2,15,29,464 கார்கள் செய்யப்பட்டுவிட்டன. ஆயினும் நம் நாட்டிற்கு இறக்குமதியாகி வந்தவை சிலவே. தமிழ் மக்களின் கைக்கும் காதுக்கும் நன்கு பழகிய காற்றுக் குளிர்ச்சி யந்திரம் யாதென்று வினவின், திருவொற்றியூரிற் பிறந்த பழைய புல்லட் மோட்டார் சைக்கிளே என்று எவரும் விடை கூறுவர். ஆகலின் புல்லட்டை முதன்மையாகவும் பீட்டிலைத் துணையாகவும் கொண்டு, இத்தகைய யந்திரத்தை வீட்டிலேயே பேணும் முறையையும், அதனைச் சீர்திருத்த முற்படுங்கால் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

புல்லட் இங்கிலாந்து தேசத்து ரெட்டிச் நகரில் உருவான வண்டி. 1955ஆம் ஆண்டில் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் ஆங்கிலேய நிறுவனத்தாரும் கூடி என்பீல்டு இந்தியா என்னும் கம்பெனியை ஏற்படுத்தினர். முதலிற் கடல் கடந்து வந்த உறுப்புக்களைப் பொருத்தியும், பின்னர் உறுப்புக்களை இங்கேயே வார்த்தும் கடைந்தும் திருவொற்றியூரில் வண்டிகள் செய்யப்பட்டன. தாய்நாட்டிலே அத்தொழில் 1970ஆம் ஆண்டளவில் அற்றுப்போயிற்று. ஆனால் வார்ப்பிரும்புச் சிலிண்டரும் அலுமினியத் தலையும் கொண்ட அந்தப் பழைய யந்திரம், நம் மாகாணத்தில் இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு வரை ஏறக்குறைய அதே அமைப்பிற் செய்யப்பட்டு வந்தது. இவ்வளவு நீண்ட ஆயுளுக்குக் காரணம் யாது? சில ஸ்பேனர்களும் பொறுமையும் உடைய ஒருவன் தன் வீட்டுத் திண்ணையோரத்திலேயே அதனைப் பிரித்துப் பூட்டக்கூடும் என்பது தலையாய காரணம் என்றே நாம் கருதுகின்றோம்.

இனி, வெப்பத்தின் கணக்கை நோக்குவோம். பெட்ரோல் எரிவதால் எழும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகின்றது. மூன்றில் ஒரு பங்களவு புகையோடு வெளியேறுகின்றது. எஞ்சியதெல்லாம் சிலிண்டரையும் தலையையும் சுடச்செய்கின்றது. இவ்வெப்பத்தை அகற்றுவதில் நீருக்கும் காற்றுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு பெரிது. ஒரே கன அளவு நீரும் காற்றும் ஒரே அளவு சூடேறுங்கால், நீர் ஏற்றுக்கொள்ளும் வெப்பம் காற்று ஏற்பதைப் போல் ஏறக்குறைய 3,500 மடங்காகும். இக்குறையை ஈடுசெய்யவே சிலிண்டரைச் சுற்றிலும் மெல்லிய தகடுகளைப் போன்ற விளிம்புகளை வார்த்திருக்கின்றனர். இவற்றை மெக்கானிக்குகள் பின்ஸ் என்பர். காற்றுப் படும் பரப்பை இவை பன்மடங்கு பெருக்குகின்றன. பீட்டில் காரில் பெல்ட்டினால் சுழலும் விசிறி ஒன்று இவ்விளிம்புகளின்மேல் காற்றை வீசுகின்றது. புல்லட்டிலோ விசிறி இல்லை. வண்டி ஓடுவதால் எதிர்ப்படும் காற்றே அதற்குக் கதி.

இதன் பொருளை அறிய நம் ஊரைக்காட்டிலும் ஏற்ற இடம் வேறில்லை. திருவண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப்பாதையில், மலைக்கு மேற்றிசையில் உள்ளது அடி அண்ணாமலை. கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரி சென்டிகிரேட்டை எட்டும் நாட்கள் இங்கு உண்டு. அந்நாட்களில் அடியார் கூட்டத்திற்கு இடைவிட்டு, ஆள் நடக்கும் வேகத்தில் முதற் கியரிலேயே செல்லும் புல்லட்டின் நிலையை எண்ணிப்பாருங்கள். யந்திரம் சுழல்கின்றது, பெட்ரோல் எரிகின்றது, காற்றோ வீசவில்லை. நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும்போது தோன்றாத இன்னல் இங்கு ஒரு நாழிகைக்குள் தோன்றும்.

அவ்வின்னல் யாதெனில், பிஸ்டன் இறுகுதலாம். பிஸ்டன் அலுமினியத்தாலும் சிலிண்டர் வார்ப்பிரும்பாலும் ஆனவை. 350 புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் குறுக்களவுடையது. வெப்பநிலை 100 டிகிரி உயர்ந்தால் அவ்வளவுள்ள அலுமினியம் ஏறக்குறைய 0.16 மில்லிமீட்டர் விரியும். இரும்போ அதிற் பாதியே விரியும். மேலும், பிஸ்டனே எப்போதும் சிலிண்டரினும் மிகுந்த சூட்டில் இருப்பது. ஆகவே சூடு அளவு கடந்தால் இரண்டிற்கும் இடையேயுள்ள வெளி மறைந்து, எண்ணெய்ப் படலம் அறுந்து, பிஸ்டன் சுவரைப் பற்றிக்கொள்ளும். ஓடும் வண்டியில் இது நேரின் பின்சக்கரம் பூட்டுண்டு ஓட்டுபவன் வீழ்வான். யந்திரம் திடீரெனத் தளர்ந்து இழுப்பதாகத் தோன்றிய மாத்திரத்தில் கிளச்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்குதல் உயிர் காக்கும் பழக்கமாம். எனவே இங்கே கூறப்போகும் சிறு வேலைகள் வெறும் பொழுதுபோக்கல்ல.

முதல் வேலை துடைத்தல். எண்ணெய்க் கசிவும் சாலைப் புழுதியும் கூடி விளிம்புகளின் இடையே களிம்புபோற் படிகின்றன. அக்களிம்பு வெப்பத்தைத் தடுக்கும் கம்பளிக்கு ஒப்பாகும். யந்திரம் நன்கு ஆறிய பின்னர், மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் அதனை நீக்கித் துணியால் துடைத்தல் வேண்டும். சூடாக இருக்கும் யந்திரத்தின்மீது குளிர்நீரை ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது. வார்ப்பில் வெடிப்புத் தோன்றக்கூடும். கசிவைத் துடைப்பதோடு நில்லாமல், அது எந்தக் கேஸ்கெட்டிலிருந்து வருகின்றதெனக் கண்டு மாற்றுதலும் கடமை.

இரண்டாவது எண்ணெய். காற்றுக் குளிர்ச்சி யந்திரத்தில் எண்ணெய் வழுவழுப்புக்கு மட்டும் உரியதன்று; குளிர்விக்கும் வேலையில் காற்றுக்கு அது கூட்டாளி. பிஸ்டனின் அடிப்புறத்துச் சூட்டை ஏந்திக் கொணர்ந்து வெளிச்சுவரில் விடுவது அதுவே. பழைய புல்லட்டிற்கு 20W-50 என்னும் தரமுடைய எண்ணெய் வழக்கிலுள்ளது. 2,000 முதல் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதனை மாற்றி, வடிகட்டியையும் கழுவுதலோ மாற்றுதலோ செய்தல் நலம். கழிவெண்ணெயை மண்ணில் ஊற்றுவோரைக் காண்கின்றோம். கிணற்றையும் குளத்தையும் நம்பி வாழும் ஊரில் இது பெரும்பிழை. மூடியுள்ள தகரத்தில் சேர்த்துவைத்துக் கழிவெண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடுக.

மூன்றாவது டாப்பெட் என்னும் தள்ளுகோலின் இடைவெளி. இங்கே இரு யந்திரங்களும் வேறுபடுகின்றன. பீட்டிலில் யந்திரம் குளிர்ந்திருக்கையில் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது பொதுவிதி. வார்ப்பிரும்புப் புல்லட்டிலோ, குளிர்ந்த நிலையில் இடைவெளியே இருத்தலாகாது. தள்ளுகோலை விரல்களாற் சுழற்ற இயலவேண்டும். மேலும் கீழும் ஆட்ட இயலக்கூடாது. அதுவே சரியான நிலை. யந்திரம் சூடேறி வளருங்கால் வேண்டிய இடைவெளி தானே உண்டாகும். இரவு முழுதும் ஆறிய வண்டியில், இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், காலையில் இதனைச் செய்தல் வேண்டும். இறுக்கமாக வைத்தால் வால்வு முற்றும் மூடாது, எரியும் வாயு அதன் விளிம்பைத் தின்றுவிடும்.

நான்காவது தீப்பொறியின் காலம். பழைய வண்டிகளில் பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள் பிரியுங்கால் பிளக்கில் பொறி எழுகின்றது. இவற்றின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருத்தல் தகும். தொடுமுனையின் குதிகால் நாளடைவில் தேய்வதால் இடைவெளி குறுகி, பொறியும் காலந்தாழ்த்தி எழும். தாழ்ந்த பொறியால் எரிதல் நீண்டு, புகைவழியும் தலையும் கடுஞ்சூடடையும். முந்திய பொறியாலோ யந்திரம் தட்டும். மிகின் பிஸ்டனின் தலையிலேயே ஓட்டை விழும். ஆதலின் பீலர் கேஜ் என்னும் அளவுத்தகடு ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் இருத்தல் அவசியம்.

ஐந்தாவது, இக்காலத்திற்கே உரிய ஒரு புதுச் சிக்கல். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து, 2025ஆம் ஆண்டிற்குள் நாடெங்கும் பரவிவிட்டது. தூய பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். இக்கலவைக்கு ஏறக்குறைய 13.5 பங்கு. புதிய வண்டிகள் தாமே அளவைத் திருத்திக்கொள்கின்றன. பழைய கார்புரேட்டரோ அறிவில்லாத கருவி. பழைய அளவிலேயே அது ஊட்டுவதால், கலவையில் எரிபொருள் குறைந்து காற்று மிகுகின்றது. முன்பே சற்று மெலிவாக வைத்த யந்திரமாயின் இதனால் அதன் சூடு மேலும் ஏறும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். முனை செம்பழுப்பாயின் நலம்; வெளுத்திருப்பின் மெலிவு; கரி படிந்திருப்பின் மிகுதி. வெளுத்திருப்பின் ஓர் அளவு பெரிய ஜெட்டை மாட்டி மீண்டும் பார்த்தல் வேண்டும். அன்றியும் எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை உப்பவும் வெடிக்கவும் செய்யும். நீரை ஈர்த்து டாங்கியில் துருவையும் விளைவிக்கும். யந்திரத்தின் சூட்டிற்கு அருகே பெட்ரோல் கசியுமாயின் தீ விபத்து அணித்தேயுள்ளது. பழைய பீட்டில் கார்கள் எரிந்துபோவதற்கும் இத்தகைய நைந்த குழாயே பலமுறை காரணமாகின்றது. எத்தனாலைத் தாங்கும் புதிய குழாயை மாற்றுவதே இன்று ஒருவன் செய்யத்தக்க முதற் சீர்திருத்தம். அதற்கு ஆகும் செலவோ மிகச் சிறிது.

சீர்திருத்தங்களைப் பற்றி இனிக் கூறுவோம். எந்தத் திருத்தத்தையும் ஒரே வினாவால் சோதித்தல் கூடும்: இது சூட்டை மிகுவிக்கின்றதா, குறைக்கின்றதா? மின்னணுப் பொறியமைப்பு இச்சோதனையில் தேறுகின்றது. தேயும் தொடுமுனை அதில் இன்மையால் பொறியின் காலம் பிறழாது. 6 வோல்ட் மின்னமைப்பை 12 வோல்ட்டாக மாற்றுவதும் யந்திரத்திற்குக் கேடின்றி இரவில் நல்லொளி தருவது. ஆனால் ஓசை பெருக்கும் திறந்த சைலன்சரை மாட்டி ஜெட்டை மாற்றாது விடுவோர், கலவையை மெலிவித்து யந்திரத்தை வேகவைக்கின்றனர். விளிம்புகளின்மேல் அழகுக்காகத் தடித்த வர்ணத்தைப் பூசுவதும், முன்காப்புக் கம்பியில் பலகையைக் கட்டிக் காற்றை மறைப்பதும் அத்தகையனவே. பீட்டிலிலும் இதே பேதைமை உண்டு. யந்திரத்தைச் சூழ்ந்த தகரக் கவசங்களை அழகின்மை கருதிக் கழற்றியெறிவார் சிலர். அக்கவசங்களே விசிறியின் காற்றைச் சிலிண்டரினிடம் சேர்ப்பன என்பதை அவர் உணரார். கழற்றியபின் வெந்த காற்றே மீண்டும் மீண்டும் சுழலும்.

வேலை செய்யுங்கால் சில எச்சரிக்கைகளை மறவற்க. மூடிய அறையில் யந்திரத்தை ஓடவிடுதல் உயிருக்கே ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவிற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பெட்ரோல் குழாயைத் தொடுமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுக. அருகில் விளக்கோ அடுப்போ இராதபடி பார்த்துக்கொள்க. இளைஞர்கள் முதன்முறை செய்யும்போது, அறிந்த மெக்கானிக் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுதல் இழிவன்று. ஏட்டில் எழுதப்படாத பல நுட்பங்கள் நம் ஊர்ப் பட்டறைகளில் உள்ளன. அவற்றைப் பணிவோடு கேட்டுக் கற்பவனே நூலறிவின் முழுப்பயனையும் அடைவான்.

நம் கலாசாலையிற் பௌதிகமும் ரசாயனமும் பயிலும் மாணாக்கர், வெப்பம் பரவும் விதிகளைப் பரீட்சைக்கென மனனம் செய்கின்றனர். அவ்விதிகள் யாவும் ஒருங்கே தொழிற்படும் ஓர் ஆராய்ச்சிசாலை, பாட்டனார் ஓட்டிய பழைய வண்டி வடிவில் பலர் வீட்டு வாயிலிலேயே நிற்கின்றது. கவனிப்பாரின்றி அதனைப் பழைய இரும்புக்கு விற்றுவிடுதல் எளிது. மாதத்தில் ஒருநாட் காலையை அதற்கென ஒதுக்கினால் அது இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். காற்றை விலைகொடுத்து வாங்குவாரில்லை. ஆயினும் அது செல்லும் வழியைத் தூயதாக வைத்திருத்தல் உடையவனின் கடன்.